ஒரே நாளில் ரெண்டு சென்சாரும் போகுமா?



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கறவை மாடு, தையல், ஊறுகாய், கணக்கு எழுதுவது என்று பாடம் வரும். இந்தத் தடவை வண்டிப் பாடம். "இது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இன்றைக்குக் குழுக் கடனிலும் வங்கிக் கடனிலும் வேன், கார் வாங்கி வாடகைக்கு விடும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஓட்டுவது கணவரோ மகனோ ஆக இருக்கலாம். ஆனால் கடன் பத்திரத்தில் இருப்பது நம்ம கையெழுத்து, தவணை கட்டுவதும் நாம்தான். வண்டிக்கு என்ன நோய் என்று தெரியாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தால் நஷ்டமும் நமக்குத்தான்.

சிவகிரியில் எங்கள் குழுவில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் குழுவில் ஒரு அக்கா பெட்ரோல் வேன் ஒன்று வைத்திருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். மற்ற நேரம் ராஜபாளையம் ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, கோவில் என்று வாடகைக்குப் போகும். சங்கரன்கோவில் ஆடித்தபசு சமயத்தில் வண்டிக்கு ஓய்வே இருக்காது. வங்கித் தவணை மாதம் 9,500 ரூபாய்.

ஆடி மாதம் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, வண்டியின் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட லைட் எரிந்தது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாத்தணும்" என்றார்கள். சென்சார் 3,800 ரூபாய், கூலி 400 ரூபாய். மொத்தம் 4,200. மாற்றினார்கள். லைட் அணைந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் எரிந்தது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பின்னாடி இன்னொரு சென்சார் இருக்கு, அதுவும் போயிருக்கு. மாத்திப் பாப்போம். அதுக்கும் கேக்கலைன்னா கம்ப்யூட்டரைத்தான் பாக்கணும்" என்று பதில் வந்தது. அதற்கு 3,500 ரூபாய் வேண்டும் என்று அக்கா குழுக் கூட்டத்தில் அவசரக் கடன் கேட்டார். அந்த மாதத் தவணைக்கு வைத்திருந்த பணத்தில்தான் முதல் சென்சாருக்கே கொடுத்திருந்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. "போன வாரம்தானே மாத்துனீங்க மதினி, மறுபடியுமா?" என்று ஒருவர் கேட்டார். "ஓட்டுதவுக சரியில்லாம ஓட்டுதாகளோ என்னமோ" என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் அங்கே இருந்தாள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வண்டி மெக்கானிக் படித்த பிள்ளை. "சித்தி, முதல் தடவை குடுத்த பில் இருக்கா?" என்று கேட்டாள். நம் குழுவில் ரசீது இல்லாமல் எந்தச் செலவும் கிடையாதே. அக்கா பில்லைப் பத்திரமாக நோட்டுக்குள் வைத்திருந்தார். அதில் பேனாவால் இரண்டு கோட் எழுதியிருந்தது: பி 0135, பி 0141.

அந்தப் பிள்ளை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டும் முதல் நாளே வந்திருக்கு. ரெண்டு சென்சாரும் ஒரே நாள்ல எப்படிச் சித்தி போகும்? உங்க வீட்ல ரெண்டு ரூம்லயும் ஒரே நேரத்துல லைட் அணைஞ்சா ரெண்டு பல்பு வாங்குவீங்களா, பியூஸ் கட்டையைப் பாப்பீங்களா?"

பாடம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆக்சிஜன் சென்சார் என்ன வேலை செய்கிறது?

விறகடுப்பு எரிக்கிறோம். காற்றுப் போதவில்லை என்றால் புகை வரும், விறகும் வீணாகும். புகையைப் பார்த்ததும் நாம் ஊதுகுழலை எடுக்கிறோம், அல்லது ஒரு விறகை வெளியே இழுக்கிறோம். வண்டியில் அந்தப் புகையைப் பார்க்கும் கண்தான் ஆக்சிஜன் சென்சார்.

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் இது திருகப்பட்டிருக்கும். எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, வண்டியின் கம்ப்யூட்டருக்கு மின்சாரமாகச் சொல்லும். பெட்ரோல் அதிகமாகிப் போனால் 0.9 வோல்ட் பக்கம் காட்டும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த அளவு கொஞ்சம் குறையும். இந்தக் கணக்கு தவறாமல் இருந்தால்தான் மைலேஜும் கிடைக்கும், புகையும் குறையும்.

இப்போதுள்ள பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு சென்சார் இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று சைலன்சர் குழாயில் உண்டு. அதற்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பெயர். அதற்கு முன்னால் இருப்பது முன் சென்சார். பெட்ரோல் அளவைச் சொல்வது அதுதான். பின்னால் இருப்பது பின் சென்சார். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பது அதன் முக்கிய வேலை.

இந்த சென்சார் புது விஷயம் இல்லை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்து, 1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய 4 பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும் விற்பனைக்கு வந்தது. ஈயம் இந்தப் பெட்டியையும் கெடுக்கும், சென்சாரையும் கெடுக்கும். 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்று புகைச் சட்டம் நாடு முழுவதும் இறுகியது. அதனால்தான் கிராமத்தில் ஓடுகிற நம் வேனிலும் இத்தனை சென்சார்.

அதற்குள் ஹீட்டர் எதற்கு?

தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும்? கல்லோடு ஒட்டிக்கொள்ளும். சென்சாரும் அப்படித்தான். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருள் இருக்கிறது. அது ஏறக்குறைய 300 டிகிரி சூடானால்தான் பேசும். குளிர்ந்து கிடந்தால் ஊமை.

புகையின் சூட்டிலேயே அது சூடாகும். ஆனால் அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரை கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குத்துமதிப்பில் பெட்ரோல் ஊற்றும். இதைத் தவிர்க்கத்தான் சென்சாருக்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்தார்கள். நம் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் மாதிரி, கரண்ட் போனதும் கொதிக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சென்சார் தயாராகிவிடும்.

இந்த ஹீட்டருக்குப் போகும் கரண்ட் எங்கேயாவது தடைபட்டால் பி 0135, பி 0141 போன்ற கோட் வரும். இதை ஹீட்டர் சர்க்கியூட் கோளாறு என்கிறார்கள். சர்க்கியூட் என்றால் கரண்ட் சுற்றி வரும் முழுப் பாதை: பேட்டரி, பியூஸ், வயர், கப்ளர், ஹீட்டர், திரும்பும் வயர், கம்ப்யூட்டர். இந்த ஏழில் எது கெட்டாலும் அதே கோட்தான் வரும். ஆகவே கோட் வந்ததை வைத்து "சென்சார் போச்சு" என்று சொல்ல முடியாது. "இந்தப் பாதையில் எங்கேயோ கோளாறு" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

குழுக் கணக்கில் 500 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே பொருளாளர் எடுத்துவிட்டார் என்று சொல்லிவிடுவோமா? ரசீது, சேமிப்பு நோட்டு, வங்கிப் பாஸ் புத்தகம் என்று வரிசையாகப் பார்ப்போம். இதுவும் அப்படித்தான்.

கோட் எண் என்ன சொல்கிறது?

பி 0135: முன் சென்சாரின் ஹீட்டர் பாதையில் கோளாறு.
பி 0141: பின் சென்சாரின் ஹீட்டர் பாதையில் கோளாறு.
பி 0031, பி 0032: முன் சென்சார் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் வயரில் வோல்ட் குறைவு, வோல்ட் அதிகம்.
பி 0037, பி 0038: பின் சென்சாருக்கு அதே மாதிரி.

ஒரு சென்சாரின் கோட் மட்டும் வந்தால் அந்த சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் சேர்ந்தே வந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தை முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்தப் பொது இடம் பியூஸ்தான்.

சோதனை செய்வது எப்படி?

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் லைட், வண்டியோடு வந்த புத்தகம். மல்டிமீட்டர் எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

முதலில் பாதுகாப்பு. வண்டி ஓடி நின்றதும் சைலன்சர் பக்கம் கை வைக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். நன்றாக ஆறட்டும். முந்தானை, துப்பட்டா, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டும் ஃபேனும் இழுத்துவிடும். இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பதென்றால் வெட்டவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் புகை உயிரைக் குடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

படி 1: கோட்டை எழுதி வாங்குதல்

ஸ்கேனரில் வந்த கோட்டை முதலில் தாளில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் அழிக்க வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோட்டை அழித்தால் லைட் அணையும். அது குணமானதற்கு அடையாளம் இல்லை. கம்ப்யூட்டர் மறுபடி சோதித்துப் பார்த்து, பொதுவாக இரண்டு ஓட்டத்திலும் கோளாறு தெரிந்தால் திரும்ப லைட்டை எரியவிடும். அக்கா வண்டியில் மூன்றாம் நாள் லைட் வந்தது இதனால்தான். சென்சார் மாற்றியதால் லைட் அணையவில்லை. ஸ்கேனரில் அழித்ததால் அணைந்தது.

படி 2: பியூஸ் பார்த்தல்

சாவியை ஆஃப் செய்துவிட்டு பியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உள்பக்கம் அல்லது வண்டிப் புத்தகத்தில் எந்த பியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் மாறும். அந்த பியூஸை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பட்டை அறுந்திருந்தால் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் மீட்டரைச் சத்தம் வரும் இடத்தில் வைத்து இரண்டு காலையும் தொடுங்கள். பீப் சத்தம் வந்தால் நல்ல பியூஸ்.

மாற்றும்போது அதே ஆம்பியர்தான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20 ஆம்பியர். "அடிக்கடி போகுது" என்று பெரிய பியூஸ் போடுவதோ, செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதோ மிக ஆபத்து. பியூஸ் எரிவதற்குப் பதில் வயர் எரியும், பிறகு வண்டியே எரியும்.

படி 3: கப்ளர் வரை கரண்ட் வருகிறதா?

சென்சாரின் வயர் ஒரு பிளாஸ்டிக் கப்ளரில் வந்து சேரும். அதைக் கழற்றினால் ஒரு பாதி சென்சார் பக்கம், மறு பாதி வண்டி வயரிங் பக்கம். பெரும்பாலும் 4 வயர் இருக்கும். சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்தான் பல சென்சார்களில் ஹீட்டருக்கு உரியவை. இரண்டும் வெள்ளை அல்லது இரண்டும் கறுப்பாக இருக்கும்.

மீட்டரை டி.சி. வோல்ட் 20-ல் வையுங்கள். கறுப்புக் குச்சி பேட்டரியின் நெகட்டிவில். சிவப்புக் குச்சி வண்டி வயரிங் பக்கக் கப்ளரில், ஹீட்டருக்குக் கரண்ட் வரும் பின்னில். சாவி ஆன். பேட்டரி அளவுக்கு, அதாவது 12 வோல்ட் வர வேண்டும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் வரும்.

12 வோல்ட் வந்தால் பேட்டரி, பியூஸ், வரும் வயர் மூன்றும் நல்லது. வரவில்லை என்றால் கோளாறு சென்சாருக்கு முன்னாலேயே இருக்கிறது. இந்த இடத்தில் எத்தனை புது சென்சார் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. குழாயில் தண்ணீர் வராதபோது குடத்தை மாற்றுகிற கதைதான்.

படி 4: ஹீட்டருக்கு உயிர் இருக்கிறதா?

சென்சார் ஆறிய பிறகு, கப்ளர் கழன்றிருக்கும்போதே, மீட்டரை ஓம் 200-ல் வையுங்கள். சென்சார் பக்கமுள்ள ஹீட்டர் பின் இரண்டையும் தொடுங்கள். பல சென்சார்களில் 3 முதல் 15 ஓமுக்குள் காட்டும். சில புது வண்டிகளில் 2 ஓம் அளவுக்குக்கூட இருக்கும். சரியான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

மீட்டர் எண்ணே காட்டாமல் "1" என்றோ "ஓ.எல்." என்றோ நின்றால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது. அப்போதுதான் சென்சார் மாற்ற வேண்டும். ஏறக்குறைய சைபர் காட்டினால் உள்ளே ஷார்ட். ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் இரும்பு உடம்புக்கும் நடுவே பீப் சத்தம் வந்தாலும் கெட்டது.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் 2 ஆம்பியர். இரண்டு ஹீட்டருக்கும் 4 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் தாராளமாகத் தாங்கும். ஆனால் கரண்ட் வரும் வயர் உரிந்து இரும்பில் பட்டால் ஓம் சைபராகிவிடும். கரண்ட் பாய்ந்து பியூஸ் போய்விடும். ஆகவே புது பியூஸும் போனால், பியூஸ் மேல் குற்றமில்லை. அது தன் கடமையைச் செய்து நம் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

படி 5: திரும்பும் வயர்

ஹீட்டரின் இன்னொரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. பல வண்டிகளில் கம்ப்யூட்டர்தான் அந்தப் பக்கத்தை எர்த் செய்து, விட்டு விட்டு ஹீட்டரை ஓட்டும். வண்டி வயரிங் பக்கக் கப்ளரின் இரண்டு ஹீட்டர் பின்னுக்கும் நடுவே சின்ன டெஸ்ட் லைட்டை வைத்து இன்ஜினை ஓடவிட்டால், லைட் எரியும் அல்லது மினுக்கும். எரிந்தால் கம்ப்யூட்டரும் வயரும் நல்லது. மற்ற இரண்டு வயரும் சிக்னல் வயர். அவற்றில் டெஸ்ட் லைட் வைக்கவே கூடாது. இந்தப் படியைப் பழகியவர்கள் செய்வது நல்லது. "கம்ப்யூட்டர் போச்சு" என்ற பேச்சுக்கு இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் வர வேண்டும்.

படி 6: வயரை ஆட்டிப் பார்த்தல்

கப்ளருக்குள் தண்ணீர், பச்சைப் பாசி பிடித்தாற்போல் களிம்பு, வளைந்த பின் இருக்கிறதா? வயர் சைலன்சரில் படுகிறதா? எலி கடித்திருக்கிறதா? நம் பக்கம் வண்டியை நெல் மூட்டைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பக்கத்தில் நிறுத்துகிறோம். எலி கடிக்கும் வயர் ஏராளம். மீட்டரை மாட்டிவிட்டு வயரை மெதுவாக ஆட்டினால், மறைந்திருக்கும் கோளாறு தெரியும்.

அக்கா வண்டியில் கண்டது

அந்தப் பிள்ளை இந்த வரிசையில்தான் பார்த்தாள். பியூஸ் அறுந்திருந்தது. 10 ரூபாய்க்குப் புது பியூஸ் போட்டதும் இரண்டு கப்ளரிலும் 12 வோல்ட் வந்தது. மாற்றிய புது முன் சென்சார் 6 ஓம். "போயிருக்கு" என்று சொன்ன பின் சென்சாரும் 6 ஓம். கழற்றிப் போட்ட பழைய முன் சென்சாரை அக்கா கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதையும் அளந்தாள். அதுவும் 6 ஓம். மூன்று சென்சாரின் ஹீட்டரும் நல்லது.

அந்த நேரம் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. 4,200 ரூபாய் போன துக்கம் ஒரு பக்கம், 3,500 தப்பித்த நிம்மதி ஒரு பக்கம்.

கதை அங்கே முடியவில்லை. இரண்டு நாளில் புது பியூஸும் போனது. "இப்ப என்ன செய்ய?" என்று அக்கா பயந்தார். "இப்பதான் சித்தி சரியான இடத்துக்கு வந்திருக்கோம்" என்றாள் பிள்ளை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பியூஸை எடுத்துவிட்டு, இரண்டு கப்ளரையும் பிரித்தாள். கரண்ட் வரும் வயரில் ஒரு குச்சி, வண்டியின் இரும்பில் ஒரு குச்சி வைத்து வயரை ஆட்டிக்கொண்டே வந்தாள். பின் சென்சார் பக்கம் வரும்போது மீட்டர் பீப் என்று கத்தியது. வயரைப் பிடித்திருந்த கிளிப் ஒடிந்து, வயர் சைலன்சர் குழாய் மேல் சாய்ந்திருந்தது. பிளாஸ்டிக் உருகிச் செம்பு வெளியே தெரிந்தது. வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடத்தை வெட்டிப் புது வயர் சேர்த்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, குழாயில் படாமல் கிளிப் வைத்துக் கட்டினார்கள். பியூஸ், வயர், ஸ்லீவ், கிளிப் எல்லாம் சேர்த்து 150 ரூபாய். ஆடித்தபசுக்கு வண்டி ஓடியது. அந்த மாதத் தவணை பத்து நாள் தாமதமானாலும் கட்டி முடித்தார். "ஓட்டுதவுக சரியில்லை" என்று சொன்ன உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் தானாகவே, "தெரியாமச் சொல்லிட்டேன் அக்கா" என்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர்கள் ஒட்டுப்போட்டது வண்டி வயரிங் பக்கம். சென்சாரோடு சேர்ந்து வரும் வயரில் ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. பல சென்சார்கள் அந்த வயருக்குள் இருக்கும் சந்து வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். அடைத்தால் சென்சார் தப்பாகச் சொல்லும். அந்தக் கப்ளருக்குள் கிரீஸும் தடவக் கூடாது.

லைட் எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டுமா?

மஞ்சள் இன்ஜின் லைட் நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால் பதற வேண்டாம். மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால் மாதக் கணக்கில் விடக் கூடாது. ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும் புகைச் சூட்டில் சென்சார் பிறகு பேச ஆரம்பிப்பதால், ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. முன் சென்சார் ஹீட்டர் இல்லாமல் பள்ளிக்கூடச் சவாரி மாதிரி குறைந்த தூரம் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். நாளடைவில் விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பாதிக்கப்படலாம்.

அதே லைட் மினுக்கி மினுக்கி எரிந்தால் இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயில் லைட், சூட்டு லைட் சிவப்பாக எரிந்தால் அடுத்த அடி ஓட்டாமல் உடனே இன்ஜினை அணையுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

எல்லாச் சோதனையையும் நாமே செய்ய வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தாலே போதும். மெக்கானிக் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். வேலை நெருக்கடியில் கோட் சொன்ன பாகத்தை மாற்றிவிடுகிறார்கள். மரியாதையாகவே கேளுங்கள்.

1. "அண்ணாச்சி, என்ன கோட் வந்திருக்கு? பில்லுல எழுதிக் குடுங்க."
2. "பியூஸ் பாத்தாச்சா? கப்ளர்ல 12 வோல்ட் வருதா?"
3. "ஹீட்டர் எத்தனை ஓம் காட்டுது? எனக்கும் ஒரு தடவை காட்டுங்க."
4. "கழட்டுன பழைய சாமானை என்கிட்ட குடுத்துருங்க."
5. "புது சாமானுக்கு உத்தரவாதம் எத்தனை நாள்? பில் உண்டா?"

இந்த ஐந்துக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள். இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், "அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க, காத்திருக்கோம்" என்று சொல்லலாம். அளக்கும் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். தேவையில்லாத சாமானுக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ குறைவு.

எங்கள் குழு எடுத்த தீர்மானம்

வண்டி, மோட்டார், தையல் மிஷின் எதற்குப் பழுதுக் கடன் கேட்டாலும், என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதிய தாளும் சேர்ந்து வர வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதினோம். 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் குழுவின் பொதுச் சொத்தாக வைத்திருக்கிறோம். வீட்டு மோட்டார், டார்ச், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றுக்கும் இப்போது அது சுற்றி வருகிறது.

உங்கள் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. முன், பின் சென்சார் இரண்டுக்கும் ஒரே நாளில் ஹீட்டர் கோட் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
2. கப்ளரில் 12 வோல்ட் வருகிறது, ஹீட்டரில் மீட்டர் "1" என்று நிற்கிறது. எதை மாற்ற வேண்டும்?
3. புது பியூஸ் இரண்டு நாளில் மறுபடி போனால் பெரிய பியூஸ் போடலாமா?
4. ஸ்கேனரில் அழித்ததும் லைட் அணைந்தது. கோளாறு தீர்ந்ததா?

விடை: 1. பொது பியூஸ். 2. சென்சார். 3. கூடாது, வயர் எங்கே இரும்பில் படுகிறது என்று தேட வேண்டும். 4. இல்லை, சில நாள் ஓட்டிய பிறகும் லைட் வராமல் இருந்தால்தான் தீர்ந்தது.

சகோதரிகளே, சேமிப்பு 10 ரூபாய் குறைந்தாலும் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் நாம். வண்டிக்கு 4,000 ரூபாய் கேட்கும்போதும் அதே கண்ணோடு பார்ப்போம். முதலில் அளப்போம், அப்புறம் மாற்றுவோம்.